டிஸ்க் நிரம்பினால் வைஃபை ஏன் நிற்கிறது? ரேடியஸ் சர்வரில் லாக் ரொட்டேஷன்

கல்லூரியிலோ அலுவலகத்திலோ வைஃபையில் நுழையும்போது அவரவர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறதா? அப்படியானால் அந்த வைஃபை சிக்னலைத் தரும் பெட்டிக்கு, அதாவது அக்சஸ் பாயிண்டுக்குப் பின்னால் அநேகமாக ஒரு ரேடியஸ் சர்வர் இருக்கிறது. அக்சஸ் பாயிண்ட் தானாக யாரையும் உள்ளே விடுவதில்லை. “இந்தப் பெயரில் ஒருவர் வந்திருக்கிறார், விடலாமா?” என்று ரேடியஸ் சர்வரைக் கேட்கும், அது சொல்கிறபடி நடக்கும். 1991-இல் லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் டயல்-அப் இணைப்புகளுக்காக உருவாக்கிய முறை இது. டயல்-அப் காலம் முடிந்துவிட்டது, ரேடியஸ் இன்னும் இருக்கிறது. இன்று பரவலாகப் பயன்படுவது 1999-இல் தொடங்கிய ஃப்ரீரேடியஸ் என்ற திறந்த மூல மென்பொருள். இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் லினக்ஸில் ஓடும் ஃப்ரீரேடியஸ் 3-ஐ மனதில் வைத்துத்தான்.

இந்த சர்வர் அதிகம் தொந்தரவு கொடுக்காது. ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் மாதக்கணக்கில் யாரும் அதன் பக்கம் போவதே இல்லை. ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத அந்த மாதங்களிலும் அது லாக், அதாவது நடப்பவற்றின் பதிவுகளை, எழுதிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் டிஸ்க் நிரம்புகிறது. மற்ற பல சர்வர்களில் டிஸ்க் நிரம்பினால் ஏதோ ஒரு சேவை தடுமாறும், அவ்வளவுதான். இங்கே நிரம்பினால் யாருமே நெட்வொர்க்குக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

லாக் எழுத இடமில்லை என்பதற்கும் ஆளை உள்ளே விடாததற்கும் என்ன தொடர்பு? தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. ரேடியஸுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வந்தவர் யார் என்று சரிபார்ப்பது. இது வழக்கமாக 1812-ஆம் போர்ட்டில் நடக்கும். மற்றது, அவர் எப்போது நுழைந்தார், எவ்வளவு டேட்டா பயன்படுத்தினார், எப்போது வெளியேறினார் என்று கணக்கு வைப்பது. இதை அக்கவுண்டிங் என்பார்கள், போர்ட் 1813. இந்தக் கணக்கு வேலைக்கான விதிகள் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 2866 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் இருக்கின்றன. அதில் ஒரு விதி: வந்த கணக்கைப் பதிவு செய்ய முடியாவிட்டால் சர்வர் பதில் அனுப்பவே கூடாது. ‘பதிவாகவில்லை’ என்று ஒரு பிழைச் செய்திகூடக் கிடையாது, மௌனம்தான்.

டிஸ்க் நிரம்பியதும் ஃப்ரீரேடியஸ் அந்த விதிப்படியே வாயை மூடிக்கொள்கிறது. அக்சஸ் பாயிண்டோ, பல அக்சஸ் பாயிண்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரோ பதில் வராததால் அதே கணக்கைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். பிறகு பல சாதனங்கள் ‘இந்த சர்வர் செத்துவிட்டது’ என்று முடிவு கட்டிவிடும். மாற்று சர்வர் இருந்தால் அதனிடம் போகும். இல்லாவிட்டால் புதிதாக வருபவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இது போதாதென்று, வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் தனியாக எழுதி வைக்கும் வசதியையும் இயக்கியிருந்தால், அது எழுத முடியாமல் தோற்கும்போது நுழைவுக் கோரிக்கையே நேரடியாக நிராகரிக்கப்படும். பயனர்களின் விவரம் அதே டிஸ்க்கில் உள்ள மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருந்தால், இடம் கிடைக்கும்வரை அதுவும் எழுதாமல் காத்துக்கொண்டிருக்கும். உதவி மையத்துக்கு வரும் புகாரோ ‘என் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை’ என்றுதான் இருக்கும். லாக் ஃபோல்டரைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது.

சரி, என்னென்ன கோப்புகள் இப்படி வளர்கின்றன? முக்கியமாக இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்து கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் குழப்பம்.

முதல் வகை, சர்வரின் சொந்த லாக். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இது வார் லாக் (/var/log) ஃபோல்டருக்குள் ஃப்ரீரேடியஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். ரெட் ஹாட் வகையில் அந்த ஃபோல்டரின் பெயர் ரேடியஸ். சர்வர் கிளம்பியது, அறிமுகமில்லாத சாதனம் ஒன்று கேட்டது, சாதனத்துக்கும் சர்வருக்கும் இடையிலான ரகசியச் சொல் பொருந்தவில்லை என்பது போன்ற செய்திகள் இதில் வரும். யார் நுழைந்தார்கள், யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வரிகள் முதலில் வராது. கான்ஃபிக் கோப்பின் லாக் பகுதியில் ‘ஆத்’ என்ற அமைப்பை ‘எஸ்’ என்று மாற்றினால்தான் வரும். மாற்றிய பிறகு ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு வரி.

பக்கத்திலேயே தவறான பாஸ்வேர்டையும் எழுதச் சொல்லும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். தவறான பாஸ்வேர்டு என்பது பெரும்பாலும் சரியான பாஸ்வேர்டில் ஓர் எழுத்து பிசகியது, அல்லது அதே ஆளின் வங்கிக் கணக்கு பாஸ்வேர்டு. அதை அப்படியே எழுதி, சுருக்கி, ஆறு மாதம் பத்திரமாக வேறு வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

இரண்டாம் வகை, டீடெயில் கோப்புகள். அக்கவுண்டிங் பதிவுகள் இங்கே போகின்றன. லாக் ஃபோல்டருக்குள் ரேட்அக்ட் என்ற துணை ஃபோல்டர். அதற்குள் கோரிக்கை அனுப்பும் ஒவ்வொரு சாதனத்தின் ஐபி முகவரிக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் நாளுக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், தேதி இருக்கும். திறந்து பார்த்தால் மேலே நேரம், அதன் கீழே பயனர் பெயர், சாதனத்தின் மேக் முகவரி, செஷன் எண், அனுப்பிய, பெற்ற பைட்டுகள் என்று வரிசையாக இருக்கும். படிக்கச் சுலபம், அதனாலேயே இடத்தையும் தாராளமாகத் தின்னும்.

எவ்வளவு தின்னும் என்று ஒரு கணக்குப் போடுவோம். செஷன் நடந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே கணக்கு அனுப்பும்படி சாதனங்களை அமைப்பார்கள். இந்த இடைவெளி 60 நொடிக்குக் குறையக் கூடாது, 600 நொடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்கிறது ஆர்எஃப்சி 2869. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாள் முழுக்க இணைப்பில் இருக்கும் ஒருவருக்கு 144 பதிவுகள். ஆயிரம் பேருக்கு 1,44,000. ஒரு பதிவு சுமார் ஒரு கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 144 மெகாபைட். 180 நாளுக்கு 26 கிகாபைட்டை ஒட்டி வரும். யாராவது ஆர்வக்கோளாறில் இடைவெளியை ஒரு நிமிடமாக்கினால் இதெல்லாம் பத்து மடங்கு, அதாவது 260 கிகாபைட். சின்ன விர்ச்சுவல் மெஷினில் ஓடும் சர்வருக்கு இது தாங்காது. ரொட்டேஷனை, அதாவது பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும் ஏற்பாட்டை, அமைப்பதற்கு முன் இந்த இடைவெளியைப் போய்ப் பார்ப்பது பல நேரம் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

இனி ரொட்டேஷன். லினக்ஸில் இதற்கென்றே லாக்ரொட்டேட் என்ற நிரல் இருக்கிறது. இது பின்னணியில் எப்போதும் ஓடுவதில்லை. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் அல்லது சிஸ்டம்டி டைமர் நாளுக்கு ஒருமுறை இதை எழுப்பும். தன் கான்ஃபிக் கோப்புகளைப் படித்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் தூங்கிவிடும். இப்போது எழுதப்படும் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘.1’ சேர்க்கும். ஏற்கெனவே ‘.1’ இருந்தால் அது ‘.2’ ஆகும். வரிசையின் கடைசியில் இருப்பது அழிக்கப்படும். பழையவற்றைச் சுருக்கியும் வைக்கும்.

பெயரை மாற்றுவது சுலபம். ஆனால் பெயர் மாறியது சர்வருக்குத் தெரியாது. லினக்ஸில் ஒரு நிரல் கோப்பைத் திறந்த பிறகு அதன் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய நோட்டு அட்டையில் ‘பழையது’ என்று லேபிள் ஒட்டிவிட்டு, பக்கத்தில் புது நோட்டை வைத்துப் போனால் என்ன ஆகும்? அவர் குனிந்த தலை நிமிராமல் பழைய நோட்டிலேயே எழுதிக்கொண்டிருப்பார். தோளைத் தட்டிச் சொன்னால்தான் புதியதை எடுப்பார். ஃப்ரீரேடியஸும் அப்படித்தான். தோளைத் தட்டும் வேலையைச் செய்வது ஹப் என்ற சிக்னல். அது வந்தால் சர்வர் லாக் கோப்பை மூடிவிட்டு, அதே பெயரில் மறுபடி திறக்கும். லாக்ரொட்டேட் கான்ஃபிக்கில் ‘போஸ்ட்ரொட்டேட்’ என்ற பகுதிக்குள் சர்வருக்கு இந்தச் சிக்னலை அனுப்பும் ரீலோட் கட்டளை எழுதியிருப்பது இதற்காகத்தான்.

அந்தக் கட்டளை இல்லாவிட்டால் வரும் அறிகுறி விசித்திரமாக இருக்கும். புதிய லாக் கோப்பு பூஜ்யம் பைட்டிலேயே நிற்கும், ‘.1’ கோப்பு மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். அது சுருக்கப்பட்டு மூலக்கோப்பு அழிந்த பிறகு இன்னும் மோசம். எந்த ஃபோல்டரிலும் அந்தக் கோப்பு தெரியாது. ஆனால் சர்வர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை டிஸ்க்கில் அது பிடித்த இடம் விடுபடாது. ‘டியூ’ கட்டளை ஃபோல்டரில் சில மெகாபைட்தான் என்று சொல்லும், ‘டிஎஃப்’ கட்டளை டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லும். இரண்டும் இப்படி முரண்பட்டால், அழிக்கப்பட்டும் திறந்தே கிடக்கும் கோப்பை ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை காட்டிக்கொடுக்கும்.

ரீலோடுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் போட்டால் என்ன? லாக் விஷயத்தில் பலன் ஒன்றுதான். ஆனால் வைஃபை நுழைவு ஒரே கேள்வி, ஒரே பதிலில் முடிவதில்லை; சான்றிதழ், மறையாக்கம் என்று பல சுற்றுகள் போகும். நடுவில் ரீஸ்டார்ட் செய்தால் பாதியில் நிற்பவர்கள் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லாக்ரொட்டேட் ஓடும் இரவு நேரத்தில் அது யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான், மருத்துவமனையில் தெரியும்.

ஹப் சிக்னலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது லாக்கை மட்டும் திறப்பதில்லை, பயனர் பட்டியல் கோப்பு போன்ற சில அமைப்புகளையும் மறுபடி படிக்கும். பகலில் அந்தக் கோப்பில் எதையோ மாற்றிவிட்டு ‘நாளைக்குச் சோதித்துப் பார்த்து ரீலோட் செய்துகொள்ளலாம்’ என்று விட்டுப் போனால், இரவில் லாக்ரொட்டேட் உங்களுக்காக அதை ரீலோட் செய்துவிடும். யாரும் எதையும் தொடாத நேரத்தில் நடத்தை மாறியதே என்று மறுநாள் குழம்புவீர்கள்.

சிலர் சிக்னல் தொல்லையே வேண்டாம் என்று ‘காப்பிட்ரங்கேட்’ என்ற வழிக்குப் போவார்கள். கோப்பை நகலெடுத்து, பிறகு மூலத்தைக் காலி செய்வது அது. நகலெடுத்து முடிந்ததற்கும் காலி செய்வதற்கும் நடுவில் எழுதப்பட்ட வரிகள் எங்கும் இருக்காது. யார் எப்போது நுழைந்தார் என்று பின்னால் யாராவது கேட்கக்கூடிய சர்வரில் இது எனக்கு ஒப்புதல் இல்லை. ஃப்ரீரேடியஸுக்கு ஹப் புரியும்போது இதற்குத் தேவையும் இல்லை.

கான்ஃபிக்கில் வேறு என்ன எழுதுவது? ஃப்ரீரேடியஸ் தொகுப்போடு ஏற்கெனவே ஒரு கோப்பு வந்திருக்கும், லாக்ரொட்டேட் டி (/etc/logrotate.d) ஃபோல்டரில் பாருங்கள். அதைத் திருத்தினால் போதும். எவ்வளவு அடிக்கடி என்பதற்கு ‘வீக்லி’ அல்லது ‘டெய்லி’. எத்தனை பழைய கோப்புகள் வேண்டும் என்பதற்கு ‘ரொட்டேட்’ என்று எழுதி ஓர் எண். சுருக்குவதற்குக் ‘கம்ப்ரஸ்’. கூடவே ‘டிலேகம்ப்ரஸ்’ போடுங்கள், அப்போது ‘.1’ கோப்பை இந்தச் சுற்றில் விட்டுவைத்து அடுத்த சுற்றில்தான் சுருக்கும். சிக்னல் போய்ச் சேரும்வரை சர்வர் பழைய கோப்பில்தான் எழுதுகிறது அல்லவா, அந்த வரிகளுக்கான பாதுகாப்பு இது. ‘கிரியேட்’ என்று எழுதினால் புதிய கோப்பின் உரிமையாளரையும் சரியாகச் சொல்லுங்கள். டெபியனில் சர்வர் ஓடுவது ஃப்ரீராட் என்ற பயனராக. ரெட் ஹாட்டில் ரேடியஸ்டி. கோப்பு ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் பெயரில் உருவாகிவிட்டால் சர்வரால் அதில் ஒரு வரிகூட எழுத முடியாது. லாக் ஃபோல்டரில் ரூட் அல்லாத குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தாலோ, லாக்ரொட்டேட் பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்தக் கோப்பையே தாண்டிப் போய்விடும். அதற்கு ‘எஸ்யூ’ என்ற வரியில் எந்தப் பயனராக வேலை செய்ய வேண்டும் என்று குறிப்பிட வேண்டும்.

எண் எவ்வளவு? இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல. இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளைத் தொடர்ந்து 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. ‘வீக்லி’யும் ‘ரொட்டேட் 4’-உம் போட்டிருந்தால் உங்களிடம் ஒரு மாத லாக்தான் இருக்கும். ‘ரொட்டேட் 26’ என்றால் 182 நாள், சரியாகப் பொருந்துகிறது. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் பார்த்து எண்ணைப் போட வேண்டும். அதிக காலம் வைத்தால் நல்லதுதானே என்று பத்து ஆண்டுக்குச் சேர்க்காதீர்கள். யார் எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு இருந்தார் என்பதை இந்தக் கோப்புகளிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். தேவை தீர்ந்ததும் அவை அழிவதுதான் நல்லது.

அளவை வைத்தும் ரொட்டேட் செய்யலாம். ‘சைஸ் 100 மெகாபைட்’ என்று எழுதினால் அந்த அளவைத் தாண்டியதும் சுழலும் என்று பலர் நம்புகிறார்கள். லாக்ரொட்டேட் விழிக்கும்போது மட்டும்தான் அளவைப் பார்க்கும். நாளுக்கு ஒருமுறை விழித்தால் நாளுக்கு ஒருமுறைதான் பார்க்கும். ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பையில் கிடக்கும் பழைய போனில் மாற்ற மறந்தால், அந்தப் போன் விடாமல் முட்டிக்கொண்டிருக்கும். பெரிய வளாகத்தில் இப்படி எத்தனை போன்கள்! அந்த வெள்ளத்தைச் சமாளிக்க வேண்டுமானால் டைமரை மணிக்கு ஒருமுறை என்று மாற்றி, ‘வீக்லி’யோடு ‘மேக்ஸ்சைஸ்’ சேர்ப்பது பொருத்தம். வாரம் முடிந்தாலும் சரி, அளவு தாண்டினாலும் சரி, எது முதலில் வருகிறதோ அப்போது சுழலும். ஆனால் இப்படி அடிக்கடி சுழலும்போது 26 கோப்புகள் 26 வாரத்துக்குப் போதாது. எண்ணையும் அதற்கேற்பக் கூட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னது முதல் வகைக்கு. டீடெயில் கோப்புகளுக்கு இந்த முறையைப் பூட்டாதீர்கள். பெயரிலேயே தேதி இருப்பதால் நள்ளிரவு தாண்டியதும் சர்வர் தானாகப் புதிய கோப்பைத் தொடங்கிவிடுகிறது. ரொட்டேஷன் அங்கே ஏற்கெனவே நடக்கிறது. நடக்காதது, பழையதைச் சுருக்குவதும் அழிப்பதும்தான். லாக்ரொட்டேட் கான்ஃபிக்கில் நட்சத்திரக் குறி போட்டு ‘டீடெயில் என்று தொடங்கும் எல்லாம்’ என்று எழுதினால், ஏற்கெனவே சுழற்றிய ‘.1’ கோப்பும் அந்தப் பட்டியலில் விழும். அது ‘.1.1’ ஆகும், சுருக்கியதை மறுபடி சுருக்கும், சில நாளில் வால் நீண்ட பெயர்களால் ஃபோல்டர் நிறைந்துவிடும்.

இதற்கு ஒரு சின்னக் கிரான் வேலை போதும். ‘ஃபைண்ட்’ கட்டளையால் கடைசியாக மாறி இரண்டு நாளான கோப்புகளைத் தேடி ‘ஜிசிப்’பால் சுருக்கவும், 180 நாளைத் தாண்டியவற்றை அழிக்கவும் சொல்லுங்கள். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கோப்பு என்பதால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். முன்பு பார்த்த 26 கிகாபைட் மூன்றுக்குள் அடங்கலாம். ‘எம்டைம் +1’ என்று எழுதினால் ஒரு நாள் கடந்தவை என்று பொருளில்லை. ‘ஃபைண்ட்’ பின்னப் பகுதியை விட்டுவிட்டு முழு நாட்களை மட்டும் எண்ணுவதால் 48 மணி நேரம் கடந்தவைதான் அகப்படும். நமக்கு அது நல்லதே, இன்றைய கோப்பில் தவறியும் கை வைக்காது. அழிக்கும் கட்டளையை முதலில் அழிக்காமல், பெயர்களை அச்சிட மட்டும் சொல்லி ஓட்டிப் பாருங்கள்.

சில இடங்களில் டீடெயில் கோப்பு வெறும் காப்பகம் அல்ல, வரிசையில் நிற்கும் வேலை. டேட்டாபேஸ் மெதுவாக இருந்தால் கணக்குகளை முதலில் கோப்பில் எழுதிவிட்டு, பின்னர் ஃப்ரீரேடியஸே அதைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றும்படி அமைப்பார்கள். அப்போது அது கோப்பின் பெயரை ‘.வொர்க்’ என்று மாற்றிக்கொண்டு படிக்கும், முடிந்ததும் தானே அழிக்கும். அந்த ஃபோல்டரில் லாக்ரொட்டேட்டோ உங்கள் கிரானோ புகுந்தால் இன்னும் ஏற்றாத கணக்குகள் காணாமல் போகும். கட்டணம் வசூலிக்கும் இணையச் சேவை நிறுவனத்தில் அது பணம். அங்கே ‘.வொர்க்’ கோப்பு பெரிதாகிக்கொண்டே போனால் கோளாறு டேட்டாபேஸில் இருக்கிறது. ரொட்டேஷனால் தீராது.

எழுதி முடித்த கான்ஃபிக்கைச் சோதிக்க லாக்ரொட்டேட்டை ‘-டி’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்யவிருக்கிறது என்று மட்டும் சொல்லும். புதிதாகச் சேர்த்த கோப்பை முதல் நாள் சுழற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதல்முறை பார்க்கும்போது தேதியைத் தன் நிலைக்கோப்பில் குறித்துக்கொள்ளும், கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் ‘-எஃப்’ விருப்பம் கட்டாயப்படுத்திச் சுழற்றும். அதன்பின் உங்கள் போனை வைஃபையிலிருந்து துண்டித்து மறுபடி இணையுங்கள். நுழைவு வரிகளை இயக்கியிருந்தால், உங்கள் பெயர் புதிய கோப்பில் வர வேண்டும். ‘.1’ கோப்பில் வந்தால் ரீலோட் கட்டளை வேலை செய்யவில்லை. எதிலுமே வராவிட்டால் புதிய கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள்.